டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் உறையைச் சேதமின்றிக் கழற்றி மீண்டும் பயன்படுத்தும் முறை

முன்சக்கரங்களால் இயங்கும் கார்களில், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் இரு முனைகளிலும், வளைந்தபடியே சுழல உதவும் ஜாயின்ட் ஒவ்வொன்று இருக்கிறது. சக்கரப் பக்கத்து ஜாயின்ட் பொதுவாக ஆறு பந்துகள் கொண்டது. கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயின்ட் பெரும்பாலும் மூன்று உருளைகள் கொண்ட டிரைபாட் வகை. பட்டறைகளில் ஆக்சில் பூட் எனப்படும் ரப்பர் உறை, இவற்றுக்குள் இருக்கும் கிரீஸ் வெளியேறாமலும் மண்ணும் நீரும் உள்ளே புகாமலும் காக்கிறது. ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் அதிகம் வளைவது சக்கரப் பக்கத்து வெளி உறை என்பதால் வழக்கமாக அதுவே முதலில் கிழிகிறது. ஆனால் மாருதி சுசுகியின் சிறிய கார்கள் பலவற்றில் சக்கரப் பக்கத்து ஜாயின்டைப் பிரிக்கக் கூடாது. ஆகவே வெளி உறையை மாற்றுவதற்கும் கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயின்டைக் கழற்றி, பழுதில்லாத உள் உறையையும் உருவி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நல்ல உறையைத் திரும்பப் பொருத்தலாமா என்பதை, அதைக் கழற்றும் விதமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஷாஃப்ட் காரில் இருக்கும்போதே உறையைச் சோதித்துவிட வேண்டும். மடிப்புகளைக் கட்டைவிரலால் விரித்து, விளக்கொளியில் அவற்றின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும், ஏனெனில் வெடிப்பு மடிப்பின் முகட்டைவிடப் பள்ளத்தில்தான் முதலில் மறைந்திருக்கும். மெல்லிய கீறல்கள் வலைபோலத் தெரிந்தாலும், ரப்பர் விறைத்துப் போயிருந்தாலும், உறையின் முனையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் அமரும் இடத்தில் வெட்டு இருந்தாலும் அந்த உறை மறுபயன்பாட்டுக்கு உரியதன்று. பசையால் ஒட்டிச் சரிசெய்யும் முயற்சியை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். உறையின் விலை ஜாயின்டின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

ஷாஃப்டை வெளியே எடுப்பதற்கான படிகள் வண்டிக்கு வண்டி மாறுபடும் என்பதால் அந்த வண்டியின் கையேட்டைப் பின்பற்றுவதே சரி. எனினும் சில எச்சரிக்கைகள் எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும். சக்கர மையத்தில் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் ஹப் நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே, அதன் மடித்த விளிம்பை நிமிர்த்திய பிறகு தளர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் கை வைக்கக் கூடாது. ஸ்டாண்டு கட்டாயம் தேவை. கியர்பாக்ஸிலிருந்து ஷாஃப்டை உருவுவதற்கு முன் ஆயிலை வடித்துவிட வேண்டும். ஒரு முனை விடுபட்டதும் ஷாஃப்டைத் தொங்கவிட்டால் உள் ஜாயின்ட் தன் அளவுக்கு மேல் விலகி, நாம் காக்க நினைத்த உறையையே இழுத்துக் கிழித்துவிடும். ஆகவே கம்பியால் கட்டித் தாங்க வேண்டும்.

வெளியே எடுத்த ஷாஃப்டை, தாடைகளில் மரத்துண்டோ அலுமினியத் தகடோ வைத்த வைஸில் பிடிக்க வேண்டும். உறையின் சிறிய முனை ஷாஃப்டில் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதைப் பெயின்டால் குறித்து, உறையின் முழு நீளத்தையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து வரும் கிளாம்ப் வேலையில்தான் நல்ல உறைகள் பெரும்பாலும் வீணாகின்றன. கத்தியாலோ உளியாலோ கிளாம்பை வெட்டினால் முனை ரப்பரில் இறங்கிவிடும். காது வைத்த கிளாம்பாக இருந்தால் அதன் காதை, அதாவது நெரித்து இறுக்கிய புடைப்பை, மட்டும் கட்டிங் பிளேயரால் பிடித்து, உறையிலிருந்து விலக்கித் தூக்கியபடி நறுக்க வேண்டும். பட்டை வகையாக இருந்தால் மடித்த நாக்கை மழுங்கிய ஸ்குரூடிரைவரால் நிமிர்த்தினால் போதும். உறை ஜாயின்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால் நெம்பக் கூடாது. விரல்களால் சுற்றிலும் மெல்ல உருட்டினால் விடுபடும்.

உறையைப் பின்னால் தள்ளியதும் கிரீஸைச் சிறிது எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்க வேண்டும். மணல் நெருடினால் ஜாயின்டையும் ஐயத்தோடு ஆராய வேண்டும். பிறகு உள் ஜாயின்டின் வெளிக் கிண்ணம், உருளைகள் உள்ள நடுப்பகுதி, ஷாஃப்ட் ஆகிய மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் பெயின்ட் குறி இட்டு, கிண்ணத்தை உருவி, உருளைகள் கழன்றுவிடாமல் டேப் சுற்றி, நடுப்பகுதியை ஷாஃப்டில் நிறுத்தும் வளையமான சர்க்ளிப்பை அதற்குரிய பிளேயரால் எடுத்து நடுப்பகுதியைக் கழற்ற வேண்டும். உருளைகளின் மீது சுத்தியலால் தட்டக் கூடாது. இப்போது உறையை உருவத் தோன்றும். ஆனால் அதற்கு முன் ஷாஃப்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய ஸ்ப்லைன் பற்களின் மீது டேப்பை வழவழப்பாகச் சுற்றியாக வேண்டும். அந்தப் பற்கள் கூர்மையானவை, உறையின் சிறிய வாய் அவற்றில் உரசும்போது விழும் மெல்லிய கீறல் கண்ணுக்குத் தெரியாமலே இருந்து, ஓட்டத்தில் பெரிதாகும்.

கழற்றிய உறையைப் பெட்ரோலிலோ டீசலிலோ ஊறவைக்கக் கூடாது. இவை ரப்பரைக் கெடுக்கும். உலர்ந்த துணியால் கிரீஸைத் துடைத்து, சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலரவிட வேண்டும். பிறகு துருத்தியைப் போல இழுத்தும் அமுக்கியும் ஒவ்வொரு மடிப்பையும் உள்ளும் புறமும் மறுபடி பார்க்க வேண்டும். ஐயம் மிஞ்சினால், சிறிய வாயை அடைத்து உள்ளே நீர் ஊற்றி மெல்ல அமுக்கிப் பார்க்கலாம். வியர்வைபோல ஈரம் கசிந்தாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

உறை மீண்டும் உதவலாம். ஆனால் பழைய கிளாம்பும் பழைய கிரீஸும் சர்க்ளிப்பும் உதவா. இம்மூன்றும் புதியவையாகவே இருக்க வேண்டும். டேப் சுற்றிய பற்களின் வழியே புதிய வெளி உறையை முதலிலும் உள் உறையை அடுத்தும் செலுத்தி, டேப்பை நீக்கி, பெயின்ட் குறிகள் நேராக அமையும்படி நடுப்பகுதியைப் பொருத்தி, சர்க்ளிப் தன் பள்ளத்தில் முழுமையாக அமர்ந்ததா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். கிரீஸின் வகையும் அளவும் கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். வெளி ஜாயின்டுக்குப் பொதுவாக மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ் பயன்படுகிறது, உள் ஜாயின்டுக்கு வேறு வகை கேட்கப்படலாம். இரண்டையும் கலக்கக் கூடாது. கிளாம்ப் அமரும் இடங்களில் மட்டும் கிரீஸ் துளியும் இல்லாமல் துடைத்துவிட வேண்டும், இல்லையேல் உறை வழுக்கி நகரும்.

உறையின் நீளத்தை முன்பு எழுதிவைத்த அளவுக்குக் கொண்டுவந்து, சிறிய வாயினுள் மழுங்கிய மெல்லிய கம்பியை நுழைத்து உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றிய பிறகே கிளாம்பை இறுக்க வேண்டும். காற்றோ வெற்றிடமோ மிஞ்சினால் மடிப்புகள் உப்பியோ உள்வாங்கியோ நின்று, ஒன்றோடொன்று உரசித் தேயும். உறை முறுக்கிக்கொள்ளவில்லை என்பதையும் அப்போதே கவனிக்க வேண்டும். காது கிளாம்பை அதற்கென உள்ள குறடால் இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் டை அந்த வேலைக்குப் போதாது.

ஷாஃப்டை வண்டியில் மாட்டி, புதிய ஹப் நட்டைக் கையேடு குறித்த டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) இறுக்கி, கியர்பாக்ஸ் ஆயிலை நிரப்பிய பின், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பிச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கிளாம்புகளின் ஓரத்தையும் சக்கரத்தின் உட்பக்கத்தையும் மீண்டும் பார்க்க வேண்டும்; அங்கே புதிய கிரீஸ் கோடு தெரிந்தால் உறையைக் குறை சொல்வதற்கு முன் கிளாம்பின் இறுக்கத்தையும் அது அமர்ந்த இடத்தையும் சரிபார்ப்பது நல்லது.