கன்சோல் ரேஸிங்: எந்த கேம் நிஜம் என்று தீர்ப்புச் சொல்லும் முன் செய்யக்கூடாத தவறுகள்

ஃபோர்ஸா, கிரான் டூரிஸ்மோ என்ற இரண்டு கார்ப் பந்தய கேம்களில் எது நிஜம் என்ற சண்டை பெரும்பாலும் ஆளுக்கொரு செட்டிங்கை வைத்துக்கொண்டு போடும் சண்டை. ஒருவர் கையடக்க கன்ட்ரோலரில், டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்காமல் எஞ்சின் சக்தியைக் குறைக்கும் உதவி) போட்டு, ரேஸிங் சாஃப்ட் டயரில் ஓட்டியிருப்பார். இன்னொருவர் புதிதாக வாங்கிய கேம் ஸ்டீயரிங் வீலை டீப்பாயில் மாட்டி, எல்லா உதவிகளையும் அணைத்துவிட்டு முதல் வளைவிலேயே சுழன்றிருப்பார். இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் இருவரும் ஒரே கேமைப் பற்றிப் பேசவில்லை. கேம், வீல், பெடல், டிவி, உட்காரும் நாற்காலி எல்லாம் சேர்ந்துதான் அந்த உணர்வு வருகிறது. கோளாறு எதில் என்று பிரித்துப் பார்க்காமல் கேமைத் திட்டுவார்கள், அப்புறம் வீலை மாற்றுவார்கள். காசு போனபிறகும் பழைய கோளாறு அப்படியே இருக்கும்.

வழுக்கினால்தான் நிஜம் என்று நினைப்பது

ஓட்டக் கஷ்டமாக இருந்தால் சிமுலேஷன், சுலபமாக இருந்தால் பொம்மை கேம் என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. இது தலைகீழ். நிஜமான பந்தயக் காரை வடிவமைப்பவர்கள் அது ஓட்டுநருக்கு நம்பிக்கை தரவேண்டும் என்றுதான் பாடுபடுகிறார்கள். வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயரும், காரைத் தரையோடு அழுத்தும் காற்றின் விசையும் சேர்ந்து தரும் பிடி, சாலைக் கார் ஓட்டிப் பழகியவருக்கு நம்ப முடியாத அளவில் இருக்கும். கார் எல்லை மீறியபின் எப்படி நடந்துகொள்கிறது, எல்லை நெருங்குவதை முன்கூட்டியே கைக்குச் சொல்கிறதா என்பதைப் பார்த்துத்தான் கேமை எடைபோட வேண்டும்.

உதவிகளை எல்லாம் அணைப்பதும் இதே வகைத் தவறு. ஜிடி3 வகுப்புக் கார்களில் (சாலைக் காரை அடிப்படையாக வைத்துச் செய்த பந்தயக் கார்கள்), பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் விதிப்படியே உண்டு. நிஜ ஓட்டுநர் அவற்றின் அளவைப் பந்தயத்தின் நடுவே கூட்டிக் குறைப்பார். அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே என்ற கேமில் ஜிடி3 காரின் ஏபிஎஸ்ஸை 0 ஆக்கிவிட்டு ஓட்டுவது வீரம் மாதிரித் தெரியும், நிஜத்திலிருந்து விலகத்தான் செய்கிறது. அதே கேமில் ‘ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்’ என்று ஒன்று இருக்கிறது. அது காரில் இல்லாத, கேம் தரும் ஊன்றுகோல். அதை 0-இல் வைக்க வேண்டும். ஃபார்முலா 1 கேமில் கதை வேறு: அங்கே ஏபிஎஸ் 1994-இலேயே தடைசெய்யப்பட்டது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் 2008 முதல் கிடையாது. அங்கே இரண்டையும் அணைப்பதுதான் சரி.

கிரான் டூரிஸ்மோ 7-இல் முதலில் அணைக்க வேண்டியது எதிர்த்திருப்பு உதவி. கார் பின்பக்கம் நழுவும்போது கேமே ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும் வசதி அது. வீலில் ஓட்டும்போது அது விழித்திருந்தால், உங்கள் கை செய்தது எது, கேம் செய்தது எது என்று பிரிக்கவே முடியாது. அடுத்து ஏஎஸ்எம், அதாவது கார் நிலைகுலையாமல் கேம் தாங்கிப்பிடிக்கும் உதவி.

டயரையும் கவனிக்காமல் விடுகிறார்கள். அந்த கேமில் கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேஸிங் என்று மூன்று குடும்பம், ஒவ்வொன்றிலும் ஹார்டு, மீடியம், சாஃப்ட். ஷோரூமிலிருந்து வரும் சாதாரணக் காருக்கு ரேஸிங் சாஃப்ட் மாட்டிவிட்டு ‘கார் தண்டவாளத்தில் ஓடுவதுபோல ஓடுகிறது’ என்றால், அது டயர் செய்த வேலை. சாலைக் காரைச் சோதிக்க கம்ஃபர்ட் சாஃப்டிலோ ஸ்போர்ட்ஸ் ஹார்டிலோ தொடங்குங்கள்.

ஒப்பிடும் முறை

இரண்டு கேமை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே தடம், ஒரே கார், ஒரே வீல். கிரான் டூரிஸ்மோ 7, ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட், காம்பெட்டிசியோனே மூன்றிலும் பெல்ஜியத்தின் ஸ்பா தடம் இருக்கிறது, நீளம் 7.004 கி.மீ. முதலாவதிலும் மூன்றாவதிலும் மெர்சிடீஸ் ஏஎம்ஜி ஜிடி3 காரும் கிடைக்கும். டயர் சூடேற இரண்டு மூன்று சுற்று விட்டுவிட்டு, பிறகு இடம் இடமாகக் கவனியுங்கள்.

லா சோர்ஸ் ஹேர்பின்னில் (கொண்டை ஊசி வளைவில்): பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே திருப்பும்போது காரின் மூக்கு உள்ளே வருகிறதா? சட்டென்று பிரேக்கை விட்டால் மூக்கு வெளியே தள்ளுகிறதா? பாரம் முன் டயருக்கு ஏறி இறங்குவதை கேம் சரியாகக் கணக்கிட்டால் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். பூஓன் என்ற நீண்ட, வேகமான இடது வளைவில்: தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிப் பாருங்கள். முன் டயர் பிடியை இழக்கும்போது ஸ்டீயரிங் கனம் குறைய வேண்டும். கனம் குறையாமல் கார் மட்டும் வெளியே போனால், கேமோ செட்டிங்கோ உங்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை.

சுற்று நேரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். எரிபொருள் அளவு, தட்பவெப்பம், கார்களைச் சமப்படுத்த ஒவ்வொரு கேமும் செய்யும் எடை-சக்தி மாற்றம் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணை மாற்றிவிடும். காம்பெட்டிசியோனேயில் டயர் அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். காய்ந்த தடத்தில், டயர் சூடான நிலையில் 26 முதல் 27 பிஎஸ்ஐ. அதற்கு மேலோ கீழோ இருந்தால் கார் சோப்பு போட்டதுபோல் போகும், பழி கேம் மேல் விழும்.

கன்ட்ரோலரில் ஓட்டிய அனுபவத்தை வீலில் ஓட்டியதோடு ஒப்பிடுவது அறவே வேண்டாம். கட்டைவிரல் குச்சியை ஒரே நொடியில் முழுக்கத் தள்ளினாலும் கேம் அதை அப்படியே முன் சக்கரத்துக்கு அனுப்பாது. வேகத்துக்கு ஏற்பக் கோணத்தையும் திரும்பும் விரைவையும் வடிகட்டித்தான் அனுப்பும். வீலில் அந்த வடிகட்டி இல்லை. அதனால்தான் கன்ட்ரோலரில் வேகமாக ஓட்டுபவர்கூட வீலுக்கு மாறிய முதல் சில வாரம் மெதுவாகிவிடுகிறார்.

கன்சோல் அடையாளம் காணாத வீலை வாங்குவது

கணினியில் எந்த வீலும் ஓடும், கன்சோலில் ஓடாது. பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் தனித்தனி அனுமதிச் சில்லு வேண்டும். லாஜிடெக் ஜி29 பிளேஸ்டேஷனுக்கு, பார்க்க அதன் இரட்டைப்பிறவி போலிருக்கும் ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கு. ஒன்று மற்றதில் ஓடாது. ஜி923-க்கு இரண்டு பதிப்பு உண்டு, பெட்டியின் மேல் எந்தக் கன்சோல் என்று பார்த்து வாங்க வேண்டும். ஃபனாடெக் நிறுவன வீல்களில் இன்னொரு சிக்கல்: பிளேஸ்டேஷன் அனுமதி மோட்டார் இருக்கும் அடிப்பாகத்தில் இருக்கிறது, எக்ஸ்பாக்ஸ் அனுமதி கையில் பிடிக்கும் வளையத்தில் இருக்கிறது. பழைய பொருளாக அடிப்பாகத்தை மட்டும் மலிவாக வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

பெடலுக்கும் இதே கதை. தனி யுஎஸ்பி வயரில் வரும் பெடலைக் கன்சோல் கண்டுகொள்ளாது. வீலின் அடிப்பாகத்தில் இருக்கும் பெடல் துளையில் செருகக்கூடியதாக இருக்க வேண்டும். ஜி29-இல் பிஎஸ்3, பிஎஸ்4 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பிஎஸ்5-இல் மாட்டும்போதும் அது பிஎஸ்4 பக்கம்தான் இருக்க வேண்டும். யுஎஸ்பி வயரை ஹப் வழியாக இல்லாமல் நேரே கன்சோலில் செருகுங்கள். ஃபர்ம்வேர் (வீலுக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிக்க மட்டும் பெரும்பாலான வீல்களுக்கு ஒரு விண்டோஸ் கணினி தேவை, நண்பர் வீட்டு லேப்டாப் போதும்.

வீலுக்குச் செலவழித்து பிரேக்கை மறப்பது

நிஜக் காரில் பிரேக் பெடல் அமுங்கும் தூரத்தை யாரும் நினைவில் வைப்பதில்லை. எவ்வளவு அழுத்தினோம் என்பதைக் கால் நினைவில் வைத்துக்கொள்கிறது. மலிவு பெடல்களில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தூரத்தை அளக்கிறது, லோடு செல் அழுத்தத்தை அளக்கிறது. ஒரே இடத்தில் சுற்றுக்குச் சுற்று ஒரே மாதிரி பிரேக் போட முடியாமல் தவிப்பவர், மோட்டாரைப் பெரிதாக்கினாலும் தவிப்பார். இருக்கிற வீலையே வைத்துக்கொண்டு லோடு செல் பிரேக் வாங்கினால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். த்ரஸ்ட்மாஸ்டர் வீல் வைத்திருப்பவர்களுக்கு டி-எல்சிஎம் பெடல் அடிப்பாகத்திலேயே செருகலாம். அது 100 கிலோ வரை தாங்கும் என்பதற்காக 100 கிலோவுக்கு வைத்து ஓட்ட வேண்டாம். வீட்டு நாற்காலியில் 20 முதல் 30 கிலோவில் 100 சதவீத பிரேக் வரும்படி வைத்தால் போதும்.

ஜி29-இன் பிரேக்கில் உள்ளே ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. பாதித் தூரம் மெத்தென்று போய், பிறகு கல்லாக நிற்கும். பலர் எவ்வளவு மிதித்தாலும் திரையில் பிரேக் பட்டை 80, 85 சதவீதத்துக்கு மேல் ஏறுவதில்லை, கார் நிற்கவில்லை என்று கேமைக் குறைசொல்வார்கள். ஃபோர்ஸாவில் பிரேக்கின் வெளி டெட்ஸோனை 100-இலிருந்து 85-க்கு இறக்கினால், அந்த 85-ஏ முழு பிரேக் ஆகிவிடும். உள் டெட்ஸோன் 0, ஸ்டீயரிங் லீனியாரிட்டி (கை திருப்பும் அளவுக்கும் கார் திரும்பும் அளவுக்கும் உள்ள பொருத்தம்) 50. இந்த 50-ஐ ஒரு பக்கம் மாற்றினால் வீல் நடுவில் மந்தமாகவும் ஓரத்தில் வெடுக்கென்றும் ஆகும், மறுபக்கம் மாற்றினால் நேர்மாறாக ஆகும்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை முழுக்க ஏற்றிவைப்பது

டயரின் பாரத்தையும் தடத்தின் அதிர்வையும் வீலின் மோட்டார் கைக்குத் தருவதுதான் ஃபோர்ஸ் ஃபீட்பேக். கியர் வைத்த ஜி29 தரும் முறுக்கு 2 நியூட்டன் மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பெல்ட் வைத்த டி300 ஆர்எஸ் 4-ஐ ஒட்டி. ஃபனாடெக் சிஎஸ்எல் டிடியில் 5, பெரிய அடாப்டர் போட்டால் 8. லாஜிடெக் ஜி புரோவில் 11. சின்ன மோட்டாரில் கேமின் அளவை 100-இல் வைத்தால் என்ன ஆகும்? பூஓன் வளைவின் பாரத்துக்கே மோட்டார் தன் முழு பலத்தையும் செலவழித்துவிடும். அந்த நேரத்தில் சக்கரம் கெர்ப் (தடத்தின் ஓர மேடு) மேல் ஏறினால் அதைச் சொல்ல அதனிடம் மிச்சம் எதுவும் இல்லை. இதற்கு கிளிப்பிங் என்று பெயர். கனமாக இருப்பதால் ‘நல்ல ஃபீட்பேக்’ என்று கை ஏமாறும், தகவல் வராது.

வீல் தரப்பில் அளவை முழுதாக வைத்துவிட்டு, கேமில் குறையுங்கள். கிரான் டூரிஸ்மோ 7-இல் அதிகபட்ச முறுக்கு, சென்சிட்டிவிட்டி இரண்டும் 1 முதல் 10 வரை. இரண்டையும் 5-இல் தொடங்கி, வளைவின் நடுவில் கெர்ப் அதிர்வு கைக்கு வரும்வரை முறுக்கை ஒவ்வொன்றாக இறக்குங்கள். காம்பெட்டிசியோனேயில் கெயின் (ஃபீட்பேக்கின் மொத்த அளவு) 70-இல் தொடங்கலாம். அங்கே மினிமம் ஃபோர்ஸ் என்று ஒன்றும் உண்டு: கியர் வீல்களின் நடுப்பகுதியில் இருக்கும் உணர்ச்சியற்ற இடத்தை நிரப்ப அதைச் சில சதவீதம் கூட்டலாம். அதிகமாகிவிட்டால் நேர்ச்சாலையில் வீல் தானாக இடதும் வலதும் ஆடத் தொடங்கும், அப்போது இறக்கிவிடுங்கள். வளையம் நேரே மோட்டார் அச்சில் மாட்டும் டைரக்ட் டிரைவ் வீல்களுக்கு (சிஎஸ்எல் டிடி, ஜி புரோ) அது 0-இலேயே இருக்கட்டும். 8, 11 என்று போகிறவர்கள் கட்டைவிரலை வளையத்தின் கம்பிக்குள் கோத்துப் பிடிக்கக் கூடாது. சுவரில் மோதும்போது வீல் திடீரென்று சுழன்றால் விரல்தான் முதலில் அடிபடும்.

திரையை மறப்பது

டிவியில் கேம் மோடு போடாமல் ஓட்டினால், படத்தை மெருகேற்றும் வேலையிலேயே 100 மில்லிநொடி வரை போய்விடலாம். 200 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 55 மீட்டர் போகிறது. 100 மில்லிநொடி என்றால் ஐந்தரை மீட்டர், ஒரு காரின் நீளத்துக்கும் மேல். பின்பக்கம் நழுவுவதைப் பார்த்துத் திருப்புவதற்குள் கார் ஏற்கெனவே சுழன்றிருக்கும்.

தூரமும் முக்கியம். 43 அங்குல டிவியின் அகலம் சுமார் 95 செ.மீ. சோபாவில் 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது உங்கள் பார்வையில் 27 டிகிரியைத்தான் நிரப்பும். கேம் அதற்குள் அகலமான காட்சியைச் சுருக்கித் திணிக்கும்போது வளைவுகள் எல்லாம் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும், வேக உணர்வும் கெடும். அதே டிவியை 80 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் 61 டிகிரி. புதிய வீல் வாங்குவதற்கு முன் டிவியை இழுத்து முன்னால் வைத்துப் பாருங்கள், செலவு கிடையாது. பிஎஸ்5-இன் விஆர் ஹெட்செட்டான பிஎஸ்விஆர்2 வைத்திருப்பவர்களுக்கு கிரான் டூரிஸ்மோ 7-இல் இந்தக் கணக்கே தேவையில்லை.

மாட்டுவதிலும் பராமரிப்பிலும்

டைல்ஸ் தரையில் பெடல் நழுவும். சுவரோடு ஒரு மரக்கட்டையை வைத்து அதில் முட்டக்கொடுங்கள். உருளும் ஆபீஸ் நாற்காலி என்றால் அழுத்தமாக பிரேக் போடும்போதெல்லாம் பின்னால் போகும், சாதாரண மர நாற்காலி எவ்வளவோ மேல். மேசையில் கிளாம்ப்பை ஆட்டம் நிற்கும் அளவுக்கு முடுக்கினால் போதும், அதற்கு மேல் முடுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். மின்சாரம் கொடுத்ததும் வீல் தானாக இரு பக்கமும் சுழன்று தன் நடுவைத் தேடும். அப்போது அதைப் பிடிக்கவும் கூடாது, பெடலில் கால் வைக்கவும் கூடாது. வைத்தால் அன்று முழுக்க நேர்ச்சாலையில் கார் ஒரு பக்கம் இழுக்கும், அல்லது ஆக்சிலரேட்டர் முழுதாக ஏறாது.

சில மாதம் கழித்து ஆக்சிலரேட்டர் பட்டை தானாகத் துடித்தால், பொட்டென்ஷியோமீட்டரில் தூசி. வயரைக் கழற்றிவிட்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அதன் இடுக்கில் ஓரிரு முறை அடித்து, பெடலை முப்பது நாற்பது தடவை கையால் அமுக்கி விடுங்கள். நன்றாகக் காய்ந்தபிறகு மாட்டலாம். பைக் செயினுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அதில் அடித்தால் பிசுக்கு தங்கி, அடுத்த தூசியும் அதிலேயே ஒட்டும்.