மலைநாட்டில் சோயா அவரையை எப்போது பிடுங்குவது

இலங்கையின் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் மழைக்குப் பயந்து சோயாவைப் பச்சையிலேயே பிடுங்கினால் எடை குறைவதோடு எண்ணெயும் கெடும். காய்க்குள் விதை பச்சையாக நிறைந்திருக்கும் கட்டத்தில், அதன் கொழுப்பில் பொஸ்போலிப்பிட்டு (பொஸ்பரசு சேர்ந்த கொழுப்பு), தனிக் கொழுப்பமிலம் (எதனோடும் பிணையாதது), லினோலெனிக் அமிலம் (எளிதில் காறும் கொழுப்பமிலம்) ஆகியவற்றின் பங்கு அதிகம். முற்ற முற்ற இவை குறைந்து, சேமிப்புக் கொழுப்பான டிரைகிளிசரைட்டு ஏறும். முற்றிய விதையில் உலர் எடையில் ஏறத்தாழ 20 வீதம் எண்ணெய். அதில் பாதிக்கு மேல் லினோலெயிக் என்ற வேறொரு கொழுப்பமிலம், 7–8 வீதம் லினோலெனிக். விதை குளிரில் பருத்தால் லினோலெனிக் கூடி, ஒலெயிக் என்ற கொழுப்பமிலம் குறையும். காற்றுப் பட்டதும் முதலில் காறுவது லினோலெனிக்தான். அதனால் மேட்டுநிலத்து விதைக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

நாள் எண்ணிப் பிடுங்க வேண்டாம். குளிரில் முதிர்ச்சி பிந்தும். காயின் நிறத்தைப் பாருங்கள். நடுத்தண்டில் ஒரு காய் பழுப்பேறினால் விதை பருத்து முடிகிறது என்று பொருள். ஆனால் ஈரம் அப்போதும் 60 வீதமளவில் இருக்கும். இலை உதிர்ந்து, 95 வீதக் காய்கள் நிறம் மாறி, ஆட்டினால் விதை குலுங்கும்போது பிடுங்குங்கள். காலைப் பனி ஈரத்தில் பிடுங்கினால் காய் வெடித்துச் சிதறாது.

மழை விடவே இல்லையா? முதற்காய் பழுப்பேறிய பின் செடியோடு பிடுங்கி, கூரைக்குக் கீழே காற்றோட்டமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். காயை உரிக்கவோ அடுப்புக்கு மேல் போடவோ கூடாது. வேகமாக உலர்ந்தால் பச்சையம் சிதையாமல் விதைக்குள்ளேயே தங்கிவிடும். அது எண்ணெயில் கலந்து வெளிச்சம் பட்டால் காறலை விரைவுபடுத்தும். முற்றிய காயை மழையில் விட்டுவைப்பதும் அதேயளவு கேடு. விதை ஊறி ஊறிச் சுருங்க, தோல் வெடித்துப் பூஞ்சணம் ஏறும், டிரைகிளிசரைட்டு உடைந்து தனிக் கொழுப்பமிலம் கூடும்.

தடியால் மெதுவாக அடியுங்கள். உடைந்த விதையில் லிப்பொக்சிஜனேஸ் நொதி எண்ணெயோடு சேர்ந்து வாடையைக் கிளப்பும். உடைந்தது, ஊதாக் கறை படிந்தது, பச்சையானது ஆகிய மூன்றையும் சுளகில் பிரித்தெடுத்துவிட்டு, மீதியைப் படங்கில் மெல்லிதாகப் பரப்பிக் காயவையுங்கள்.

ஈரம் பார்க்க, உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு விதையும் 20–30 கிராம் காய்ந்த உப்பும் போட்டு ஒரு நிமிடம் குலுக்கி, 15 நிமிடம் விடுங்கள். உப்பு சுவரில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் இன்னும் ஓரிரு வெயில் காட்டுங்கள். களஞ்சியத்துக்கு 12 வீதமளவே நல்லது. ஒதுக்கிய பச்சை விதையில் பூஞ்சணமில்லாததை அந்த வாரமே ஊறவைத்து அவித்துச் சாப்பிடலாம்.