ரோந்தோ பந்தய அணியின் வரலாற்றைப் பேரேட்டு முறையில் எழுதுவது எப்படி

ஒரு பந்தய அணியின் வரலாற்றை எழுத உட்காருகிறவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு நீளமான கணக்கு நோட்டு. ரங்கூனிலும் பினாங்கிலும் நடந்த தொழிலின் பேரேடுகள் செட்டிநாட்டில் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு, ஒரு தொழிலின் ஏற்றமும் இறக்கமும் பற்று வரவில்தான் உண்மையாகத் தெரியும் என்பது புதிதல்ல. நெடுந்தொலைவுக் கார் பந்தயமும் பணம், இயந்திரம், ஆள் என்ற மூன்றின் கணக்கே ஆகையால், காரைக்குடியில் நூலகக் கூட்டத்திலோ கல்லூரி மன்றத்திலோ பேசுவதற்காக எழுதுகிறவர்களுக்கு இந்த முறையையே பரிந்துரைக்கிறேன். பழகுவதற்கு, பிரான்சின் லெ மான்ஸ் நகரில் நடக்கும் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் ஓடிய ரோந்தோ அணி மிகவும் ஏற்றது; அதன் வாழ்நாள் முழுவதும் ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது.

பக்கத்தை ஆறு பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஆண்டு, பணம் கொடுத்தவர், காரைக் கட்டியவர், எஞ்சின் யாருடையது, ஓட்டியவர்கள், முடிவில் கிடைத்த இடம். பணம் கொடுத்தவரையும் கட்டியவரையும் தனித்தனியே எழுதுவதை வீண் வேலை என்று எண்ண வேண்டாம். அணியை உருவாக்கியவரும் லெ மான்ஸ் நகரிலேயே 1946-இல் பிறந்தவருமான ழான் ரோந்தோ, 1976-இல் தம் முதல் கார்களைக் கட்டியபோது அவை இனால்டெரா என்ற பெயரில்தான் ஓடின. அது சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் தயாரிக்கும் நிறுவனம். ரோந்தோ என்ற பெயரை மட்டும் தேடிக்கொண்டு போகிறவர், 1977-இல் ரோந்தோவும் ழான் ரான்யோட்டியும் சேர்ந்து பெற்ற நான்காம் இடத்தையும், அதே ஆண்டில் லெல்லா லொம்பார்டி, கிறிஸ்டீன் பெக்கர்ஸ் என்ற இரு பெண்கள் இன்னொரு இனால்டெராவைப் பதினோராம் இடத்தில் கொண்டுவந்து சேர்த்ததையும் தவறவிட்டுவிடுவார். அந்த ஆண்டோடு நிறுவனம் விலகிக்கொண்டதால், 1978 முதல்தான் கட்டியவர் பத்தியில் ரோந்தோ என்ற பெயர் வெளிப்படையாக வருகிறது. அந்த ஆண்டில் ஒன்பதாம் இடம், 1979-இல் ஐந்தாம் இடம் என்று எழுதிவிட்டு மேலே செல்லலாம்.

கார்களின் எண்களையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எம்379 என்பதில் முதல் இலக்கம் எஞ்சினின் லிட்டர் அளவையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். ஒரு கார் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் திருத்தப்பட்டு ஓடும் என்பதால், எண்ணில் உள்ள ஆண்டையும் பந்தயம் நடந்த ஆண்டையும் ஒன்றாகக் கொள்ளக் கூடாது.

எஞ்சின் பத்தியில் நின்று எழுதுங்கள், ஏனெனில் இந்த அணி பிழைத்ததற்கான காரணமே அங்கேதான் இருக்கிறது. 1972 முதல் 1974 வரை லெ மான்ஸில் தொடர்ந்து மூன்று முறை வென்ற பிரெஞ்சு நிறுவனமான மாத்ரா, தனக்கென்று பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினையே உருவாக்கிக்கொள்ளும் வசதி படைத்தது. ரோந்தோவுக்கு அந்த வசதி இல்லை. ஃபார்முலா ஒன் பந்தயங்களுக்கென உருவான, விலை கொடுத்து வாங்கக்கூடிய, மூன்று லிட்டர் வி8 வகைக் காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினையே அவர் நம்பினார். இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் பந்தயங்களுக்காகச் செய்யப்பட்ட அந்த எஞ்சினின் அதிர்வு காரின் மற்ற பாகங்களைப் பதம்பார்த்துவிடும் என்பதால், 24 மணி நேரம் ஓட்டும்போது அதன் சுழற்சி வேகத்தைக் குறைத்தே வைக்க வேண்டியிருந்தது.

1980-ஆம் ஆண்டுக்கு மட்டும் மணிவாரியாக ஒரு தனித்தாள் போடுங்கள். பிரான்சின் கோடை நேரத்தைவிட நம் நேரம் மூன்றரை மணி முன்னால் இருக்கிறது. அங்கே மாலை 4 மணி என்றால் இங்கே இரவு 7.30. நம் நேரத்தையும் பக்கத்தில் எழுதினால், கேட்பவர்களுக்கு அந்த இரவின் நீளம் புரியும். ரோந்தோவும் ழான்-பியர் ஜோஸோவும் மாறி மாறி ஓட்டிய எம்379பி, ஜாக்கி இக்ஸும் ரைன்ஹோல்ட் யோஸ்டும் ஓட்டிய போர்ஷேவோடு போட்டியிட்டது. பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் மழை வந்தபோது, இக்ஸ் மழைக்கான டயர்களை மாட்டிக்கொள்ளத் தடத்தைவிட்டு டயர் மாற்றும் இடத்துக்குச் சென்றார்; ஜோஸோ வறண்ட தடத்துக்கான வழுவழுப்பான டயர்களுடனேயே ஓட்டிச் சமாளித்தார். 338 சுற்றுகளுடன் ரோந்தோ முதலிடம் பெற்றது. தம் பெயரைத் தாங்கிய காரைத் தாமே ஓட்டி லெ மான்ஸில் வென்றவர் அவர் ஒருவர்தான். அதே நாளில் இன்னொரு ரோந்தோ மூன்றாம் இடத்தில் வந்ததையும் மறவாமல் எழுதுங்கள். பட்டறையின் தரத்துக்கு அதுவே வலுவான சாட்சி.

1981-இல் இரண்டாம், மூன்றாம் இடங்கள் கிடைத்தன. அதே பந்தயத்தில், லெ மான்ஸ் தடத்தின் ஒரு பகுதியான உனோடியேர் நேர்சாலையில் ரோந்தோ காரை ஓட்டிச் சென்ற ழான்-லூயி லஃபோஸ் விபத்தில் உயிரிழந்தார். வெற்றியை எழுதும் வரியிலேயே இதையும் எழுத வேண்டும். அடிக்குறிப்பில் தள்ளுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

என் கருத்தில் 1980-ஐவிட 1982-தான் இந்த வரலாற்றைப் புரியவைக்கும் பக்கம். அந்த ஆண்டில் எரிபொருளுக்கு வரம்பு விதித்த குரூப் சி விதிகள் நடைமுறைக்கு வந்தன. போர்ஷே 956 என்ற புதிய காரும் வந்தது. மோன்சாவில் ஆயிரம் கிலோமீட்டர் பந்தயத்தை ஆன்றி பெஸ்கரோலோவும் ஜோர்ஜியோ பிரான்சியாவும் ரோந்தோவில் வென்றார்கள். காரைக் கட்டியவர்களுக்கான உலகப் பட்டமே கைக்கு எட்டும் நிலையில், நூர்பர்க்ரிங்கில் தனியார் ஒருவர் ஓட்டிய போர்ஷேவின் புள்ளிகளும் போர்ஷேவின் கணக்கில் வரவு வைக்கப்பட்டதால், பட்டம் கைநழுவியது. ஆகவே இந்த ஆண்டுக்கு ஒவ்வொரு பந்தயத்தின் புள்ளியையும் வரிசையாக எழுதி, விதியையும் அருகிலேயே குறித்து, ஐந்தொகை எடுத்துக் காட்டுங்கள்.

பிறகு வந்த எம்482, தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும் புதிய அடித்தள அமைப்பைக் கொண்டிருந்தும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை; அணியின் கணக்கு 1983-ஓடு ஏறத்தாழ முடிகிறது. 1984-இல் ரோந்தோ பெற்ற இரண்டாம் இடம் போர்ஷே 956-இல் கிடைத்தது. 1985-இல் அவர் ஓட்டியது டபிள்யூஎம் என்ற வேறொரு அணியின் கார். இவ்விரண்டையும் அணியின் பக்கத்தில் சேர்க்காமல், அவருக்கென்று தனிப்பக்கம் திறந்து பதிந்து, 1985 டிசம்பர் 27 அன்று லெ மான்ஸ் அருகே ரயில்வே கடவில் ரயில் மோதி அவர் இறந்த செய்தியோடு அந்தப் பக்கத்தை முடியுங்கள்.