சுவர்ப் பூஞ்சணம்: தட்டாமல் துடைப்பது எப்படி?

கார்த்திகை மழை பிடித்துவிட்டால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் வெளிச்சுவர் பூசாத கல்வீடுகளுக்குள் பூஞ்சணம் வந்துவிடும். கட்டில் தலைமாடு, அலுமாரிக்குப் பின்பக்கம் எல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் படரும். உடனே தும்புத்தடியை எடுக்காதீர்கள். இப்படிப் படரும் அஸ்பர்ஜிலஸ் என்ற வகைப் பூஞ்சணத்தின் வித்தி, அதாவது அது பரவும் நுண்துகள், பெரும்பாலும் 2 முதல் 5 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோன்) அளவுதான். தட்டினால் கிளம்பி நெடுநேரம் காற்றில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகும். சிலருக்குத் தும்மல், மூக்கடைப்பு. தொய்வு உள்ளவருக்கு இழுப்பு. புற்றுநோய் மருந்து எடுப்பவர் போன்ற எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நுரையீரலுக்குள்ளேயே பூஞ்சணம் வளரலாம். துடைக்கிற நாளில் இவர்களை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

படி 1: ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இதை விட்டுவிட்டுத் துடைப்பது வீண்வேலை, அடுத்த மழைக்குத் திரும்ப வரும். ஓரடிச் சதுரப் பொலித்தீன் ஒன்றைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவர் வழியாக ஈரம் ஊறுகிறது: உடைந்த ஓடு, பீலி, பூசாத வெளிச்சுவர் என்று வெளியே தேடுங்கள். அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றில்தான் ஈரம். அறைக்குள் உடுப்புக் காயப்போடுவதை நிறுத்தி, மழை விட்ட நேரத்தில் யன்னல்களைத் திறவுங்கள்.

படி 2: என்95 முகக்கவசம், கையுறை போடுங்கள். யன்னலைத் திறந்து, உள்கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்துங்கள். சவர்க்காரத் தண்ணீரை மெல்லத் தெளித்து, நன்றாக நனைந்த பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

குளோரின் போடலாமா? எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. செத்த பூஞ்சணமும் ஒவ்வாமை தரும், ஆகவே அகற்றுவதுதான் வேலை. போடுகிறதென்றால் வினாகிரியோடோ கழிப்பறை அமிலத்தோடோ கலந்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

படி 3: சுவர் முழுக்கக் காயட்டும். அதற்கு முன் பெயின்ற் அடிக்க வேண்டாம். பூஞ்சணம் ஊறிய மெத்தை, தலையணையை எறிவதே மேல்.

படி 4: நெல் மூட்டைகளைப் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். பலகை போட்டு, சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். பூஞ்சணம் பிடித்த நெல்லையோ வைக்கோலையோ கிளறி, 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சலும் இருமலும் மூச்சுமுட்டலும் வந்தால், வைத்தியரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றே மருந்து கிடைக்கலாம்.