ஊட்டிக்குப் போனாலும் எட்டரைக்குத் தூக்கம்: சிறு குழந்தைகளோடு பயணம் செய்பவர்களுக்கு ஒரு செய்முறை

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாத இரவில், ஊட்டி விடுதி அறைக் கட்டிலின் நடுவே நின்று என் மகள் குதித்துக்கொண்டிருந்தாள். மணி பதினொன்றரை. அவளுக்கு அப்போது இரண்டு வயது. வீட்டில் எட்டரைக்கெல்லாம் கண்ணயர்ந்துவிடுவாள். விளக்கை அணைத்தோம், அழுதாள். தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம், இறங்கி ஓடினாள். ஒருவழியாகப் படுத்தவள் கூரையைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, ஃபேன் எங்கே?"

கூரையில் ஃபேன் இல்லை. ஊட்டியின் பல விடுதி அறைகளில் இருக்காது; 2,240 மீட்டர் உயரத்தில் அதற்கு வேலையும் இல்லை. ஆனால் என் மகள் சென்னையில் பிறந்த நாளிலிருந்து அந்தச் சுழலும் ஓசையைக் கேட்டே தூங்கியவள். எங்களுக்கு அமைதியாகத் தோன்றிய அறை அவளுக்கு அந்நியமாக இருந்திருக்கிறது.

பழகிய ஓசை, பழகிய வாசனை, பழகிய வரிசை. குழந்தைக்குத் தூக்கம் வருவது இந்த மூன்றால்தான் என்று அன்று புரிந்துகொண்டேன். மூன்றையும் பெட்டியில் எடுத்துப்போக முடியும். சென்ற டிசம்பரில், நாலரை வயது மகளையும் பதினான்கு மாத மகனையும் அழைத்துக்கொண்டு அதே ஊருக்குப் போனபோது செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: வீட்டுக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, குழந்தை எப்போது தூங்குகிறது, எப்போது எழுகிறது, பகலில் எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 4 முதல் 11 மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரமும், ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை. உங்கள் குழந்தை இதில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான், பயணத்தில் எவ்வளவு குறைகிறது என்பதும் தெரியும்.

படி 2: தூளியில் தூங்கும் குழந்தையை முன்கூட்டியே தரைக்குப் பழக்குங்கள்

எங்கள் வீட்டில் இதுதான் பெரிய வேலையாக இருந்தது. மகன் தூளிக் குழந்தை. விடுதி அறையில் கொக்கி இருக்காது. ஜன்னல் கம்பியிலோ திரைச்சீலைக் குழாயிலோ சேலையைக் கட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். அவை குழந்தையின் எடையையும் ஆட்டத்தையும் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, பகல் தூக்கத்தை மட்டும் பாயில் போட்டுத் தொடங்கினோம். முதல் மூன்று நாள் அழுகைதான். என் மாமியார் பக்கத்தில் படுத்து, தூளியை ஆட்டும் அதே வேகத்தில் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே "ஆராரோ ஆரிராரோ" பாடினார். தூளிச் சேலையையே பாயில் விரித்தோம். நான்காவது நாள் அரை மணி நேரம் தூங்கினான். இரண்டாவது வாரம் இரவுத் தூக்கத்தையும் பாய்க்கு மாற்றினோம். இதற்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாள் கிடைக்காதவர்கள் தட்டிக்கொடுப்பதையும் பாட்டையும் மட்டுமாவது பழக்கிவிடுங்கள். கொக்கி இல்லாத இடத்திலும் அவை உங்களோடு வரும்.

படி 3: தூக்கத்துக்கென்று ஒரு பை

இதைத் துணிப் பெட்டிக்குள் புதைக்காமல் தனியாக வையுங்கள். விடுதிக்குப் போனதும் முதலில் திறக்க வேண்டியது இதுதான். எங்கள் பையில் இருந்தவை: குழந்தைகள் நான்கு நாள் படுத்த, துவைக்காத விரிப்பு (வீட்டு வாசனைக்காக), தூளிச் சேலை, மகளின் துணிப் பொம்மை, தினமும் படிக்கும் கதைப் புத்தகம், மங்கலான சிறு இரவு விளக்கு, ஒரு பவானி ஜமுக்காளம். கூடவே கைப்பேசியில் பதிவு செய்த எங்கள் வீட்டு ஃபேன் சத்தம், ஒரு மணி நேரத்துக்கு.

படி 4: ரயிலில் தூங்க வைப்பது

நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு ஒன்பது மணியளவில் கிளம்புகிறது. குழந்தை தூங்கியிருக்க வேண்டிய நேரத்தில் நாம் நடைமேடையில் இருப்போம். அதனால் இரவு வேலைகளை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ஏழு மணிக்கு இட்லியோ தயிர்ச்சாதமோ கொடுத்து, பல் துலக்கி, இரவு உடையை மாட்டியே கிளம்பினோம். ரயிலில் மிச்சம் இருந்தது பாலும் பாட்டும்தான்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஆனால் பெர்த் இல்லாத குழந்தை உங்கள் பெர்த்தில்தான் படுக்கும் என்பதால், கீழ் பெர்த்தாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். சுவர்ப் பக்கம் குழந்தை, வெளிப் பக்கம் பெரியவர்.

நடு பெர்த்தைத் தூக்கிப் போடும் நேரம் விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை. அதுவரை கீழ் பெர்த்தில் உட்காரச் சகபயணிகளுக்கு உரிமை உண்டு. எதிரே இருந்த பெரியவரிடம், "குழந்தைகளைத் தூங்க வைக்க வேண்டும், ஐயா. கொஞ்சம் முன்னதாகவே படுக்கையைப் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். "தாராளமாகப் போடும்மா" என்று எழுந்து கொடுத்தார். ரயிலேறியதும் கேட்டுவிடுவது நல்லது. குழந்தை அழத் தொடங்கிய பிறகு கேட்டால் கேட்பவருக்கும் பதற்றம், கேட்கப்படுபவருக்கும் சங்கடம்.

இரண்டு பெர்த்துகளுக்கு நடுவே சேலையைக் கட்டித் தூளி போடுவதைச் சிலர் இன்றும் செய்கிறார்கள். ரயில் சட்டென்று வேகம் குறைந்தால் தூளி வீசி ஆடும், சுற்றிலும் இரும்பு. செய்யாதீர்கள்.

காலை ஆறரைக்குள் மேட்டுப்பாளையம். மலை ரயில் 7.10-க்கு. உதகைக்கு 46 கிலோமீட்டர்தான். ஆனால் கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறுவதால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். காலைத் தூக்கம் போடும் வயதில் உள்ள குழந்தைக்கு அது மடித் தூக்கத்துக்கு நல்ல நேரம். குகைப் பாதைகளில் எழும் கூச்சலுக்கு என் மகன் இருமுறை திடுக்கிட்டு விழித்தான். பால் கொடுத்ததும் அடங்கினான். உயரம் ஏறும்போது காது அடைக்கும், பால் உறிஞ்சினால் அதுவும் சரியாகும்.

படி 5: அறையில் முதல் அரை மணி நேரம்

ஊர் சுற்றக் கிளம்பும் முன், குழந்தை எங்கே படுக்கப்போகிறது என்று முடிவு செய்து, அந்த இடத்தை அதற்குக் காட்டிவிடுங்கள். "இது தம்பி இடம், இது என் இடம்" என்று மகள் பொம்மையை வைத்துக் குறித்துவிட்டாள். வெளிச்சத்தில் பார்த்துப் பழகிய இடம் இருட்டில் அச்சம் தருவதில்லை.

விடுதிக் கட்டில்கள் உயரமானவை. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே குழந்தை நழுவிச் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதில் உண்டு. கூடுதல் மெத்தை கேட்டு வாங்கித் தரையில் போடுவதே எனக்குப் பிடித்த வழி. ஊட்டித் தரை சில்லென்று இருக்கும், அதனால் அடியில் ஜமுக்காளம்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விதி இன்னும் கறாரானது. தளராத, தட்டையான படுக்கை, மல்லாந்த நிலை, தலையணை, பொம்மை, தடித்த கம்பளி எதுவும் அருகில் வேண்டாம். வீட்டிலிருந்து தொட்டில் கட்டில் கொண்டுபோக முடியாதென்றால், விடுதியில் உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

படி 6: குளிர்

சென்னைக்காரர்கள் நாம் இங்கே இரண்டு பக்கமும் தவறு செய்கிறோம். முதல் தவறு, குழந்தையைப் பொட்டலம்போல் சுற்றிவிடுவது. மெல்லிய பருத்தி உடை, அதன்மேல் முழுக்கை உடை, தேவைப்பட்டால் ஒரு ஸ்வெட்டர், காலுறை என்று அடுக்கடுக்காகப் போட்டால் கழற்றவும் எளிது. குளிர்கிறதா என்று அறியக் கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கை சில்லென்றுதான் இருக்கும். பிடரியையோ மார்பையோ தொடுங்கள். அங்கே வியர்வை இருந்தால் ஓர் அடுக்கைக் குறையுங்கள். வெளியே போட்ட குல்லாவைத் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். கைக்குழந்தை உடல் சூட்டைத் தலைவழியாகத்தான் பெரிதும் வெளியேற்றும்.

இரண்டாவது தவறு உயிரைப் பறிக்கக்கூடியது. மூடிய அறைக்குள் கரி அடுப்போ, தணல் சட்டியோ வைத்துக் குளிர்காயவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழாமலே போய்விடுவார்கள். வெளியே குளிர்காய்ந்த அடுப்பை மிச்சச் சூட்டுக்காக உள்ளே கொண்டுவருவதும் அதே ஆபத்துதான். விடுதியில் யார் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள்.

படி 7: ஒரு நாளுக்கு இரண்டு இடம் போதும்

"நன்றாக ஓடியாடட்டும், களைத்துப்போய்த் தானாகத் தூங்கும்." முதல் பயணத்தில் நாங்கள் நம்பி ஏமாந்தது இதைத்தான். நேரம் தவறிய குழந்தை அடங்குவதில்லை. விழித்திருக்கவே உடல் முறுக்கேறிவிடுகிறது, சின்னக் காரணத்துக்கும் அழுகை வெடிக்கிறது. அந்தப் பதினொன்றரை மணிக் குதியாட்டம் களைப்பின் குதியாட்டம்.

இந்த முறை காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம் என்று வைத்துக்கொண்டோம். காலை வெயிலில் தாவரவியல் பூங்காப் புல்வெளி. காலை வெளிச்சம் இரவுத் தூக்கத்துக்கு உதவும். மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம். மாலையில் ஏரி. பைக்காராவுக்குச் சுமார் 20 கிலோமீட்டர் என்பதால் அந்த நாளில் மட்டும் மதியத் தூக்க நேரத்தில் காரைக் கிளப்பினோம். இருவரும் வழியிலேயே தூங்கினார்கள். தொட்டபெட்டாவை விட்டுவிட்டோம். எனக்கு வருத்தமில்லை.

ஊட்டிக் கடைச் சாக்லேட்டை மதியத்துக்கு முன் கொடுத்துவிடுங்கள். கோகோவிலும் காஃபின் உண்டு.

படி 8: இரவு வரிசை

வீட்டில் என்ன வரிசையோ, அதே வரிசை: சாப்பாடு, வெந்நீரில் முகம் கை கால் கழுவுதல், இரவு உடை, கதை, பாட்டு, விளக்கு. விடுதிச் சாப்பாட்டுக்கூடம் எட்டு மணிக்குத்தான் திறக்கிறதென்றால், குழந்தைக்கு மட்டும் ஏழு மணிக்கு ரசம் சாதமோ இட்லியோ அறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து கைப்பேசித் திரையும் தொலைக்காட்சியும் வேண்டாம். ஃபேன் சத்தத்தை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, கைப்பேசியைக் குழந்தையிடமிருந்து தள்ளி, மேசையில் கவிழ்த்து வைத்தோம். மகள் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "நம்ம வீட்டு ஃபேன்" என்றாள். எட்டே முக்காலுக்குத் தூங்கிவிட்டாள்.

ஒரே அறையில் எல்லோரும் இருக்கும்போது பெரியவர்களின் பேச்சுதான் குழந்தையை எழுப்புகிறது. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு சேலையைப் போட்டு வெளிச்சத்தை மறைத்துவிட்டு, நானும் கணவரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தோம்.

படி 9: நள்ளிரவில் விழித்தால்

முதல் இரவு எழுந்திருக்கும். அது இயல்பு. பெரிய விளக்கைப் போடாதீர்கள், வேடிக்கை காட்டாதீர்கள். பெயர் சொல்லி, தட்டிக்கொடுத்து, வீட்டில் பாடும் அதே பாட்டைப் பாடுங்கள். மகன் முதல் இரவு மூன்று முறை எழுந்தான், இரண்டாம் இரவு ஒரு முறை.

தூங்குவதற்காகச் சளி மருந்து, வாந்தி மருந்து என்று எதையும் ஊற்றாதீர்கள். "ஒரு மூடி கொடுத்தால் நிம்மதியாகத் தூங்கும்" என்று அன்போடு சொல்லும் உறவினர்கள் உண்டு. சிறு குழந்தைகளுக்கு அந்த மருந்துகள் மூச்சைப் பாதிக்கலாம்; சில குழந்தைகளுக்குத் தூக்கத்துக்குப் பதிலாகப் படபடப்பு வரும். மலைப்பாதை வாந்திக்கு மருந்து வேண்டுமென்றால் கிளம்பும் முன் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இருந்தால் தூக்கப் பிரச்சினை என்று எண்ணிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 10: திரும்பி வந்த பிறகு

ஞாயிறு காலை ஊர் திரும்பி, திங்கள் காலை பள்ளி என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இடையில் ஒரு முழு நாள் வேண்டும். வந்த அன்றே மதியத் தூக்கம், எட்டரை மணிப் படுக்கை என்று பழைய நேரத்துக்குத் திரும்பிவிடுங்கள். மகன் மறுபடி தூளி கேட்பான் என்று அன்று மாலையே கொக்கியில் சேலையைக் கட்டி வைத்தோம். அவன் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, ஜமுக்காளத்தில் அக்காவின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டான்.