நேபாள மலைச் சபைகளுக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேபாளத்தின் தாதிங், சித்வான், மக்வான்பூர் மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் சேபாங் இன மக்கள் வாழ்கிறார்கள். விளைச்சல் போதாத மாதங்களில் காட்டுவள்ளிக் கிழங்கைத் தோண்டிப் பசியாறும் இம்மக்களிடையே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் பல உண்டு. அவர்களைக் காண ஊழியப் பயணம் செல்ல விரும்புவோருக்காக, எங்கள் குழு செய்த தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது தவறு, ஞாயிற்றுக்கிழமையை மையமாக வைத்துப் பயணத்தைத் திட்டமிடுவது. நேபாளச் சபைகள் பெரும்பாலும் சனிக்கிழமையில்தான் ஆராதனைக்குக் கூடுகின்றன. 2015 ஏப்ரல் 25 அன்று நிலநடுக்கம் வந்ததும் ஒரு சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்புதான். ஆராதனையில் இருந்த விசுவாசிகள் பலர் இடிபாடுகளில் சிக்கி மாண்டார்கள். எங்களை வரவேற்ற சபை மூப்பர் தம் மனைவியை அன்றுதான் இழந்தவர். அதை அறியாமல், துன்பத்தில் பொறுமையாயிருப்பதைப் பற்றி அவர் முன்னிலையில் நான் ஒரு மணி நேரம் பிரசங்கித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, முடிவில் எனக்காக ஜெபித்தார். அங்கே போகிறவர்கள் முதல் நாள் பிரசங்கம் எதையும் ஏற்றுக்கொள்ளாமல், அவர்களுடைய சாட்சிகளைக் கேட்பதற்கே அந்த நாளை ஒதுக்க வேண்டும் என்று அன்றிலிருந்து வற்புறுத்திச் சொல்லி வருகிறேன்.

விருந்தோம்பலில் நாம் இரண்டு விதமாகத் தவறுகிறோம். முட்டையிடும் கோழியை நமக்காக அடித்துச் சமைத்திருப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல், "உங்களுக்கே போதாதே, எங்களுக்கு எதற்கு?" என்று மறுப்பது ஒன்று. எங்களில் ஒருவர் அப்படிச் சொன்னபோது, பரிமாற வந்த மூதாட்டியின் முகம் வாடிப்போயிற்று. மக்கெதோனியச் சபையார் தங்கள் கொடிய தரித்திரத்திலும் கொடுப்பதற்கு இடம் கேட்டு மன்றாடினார்கள் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார். அந்தப் பாக்கியத்தை ஏழையிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை இல்லை. மற்றொன்று, விருந்தினர் உண்ட பின்பே வீட்டார் அதே பானையிலிருந்து உண்பார்கள் என்பதை எண்ணாமல், மறுமுறை பரிமாறும் சோற்றையும் பருப்பையும் வாங்கிக்கொண்டே இருப்பது. முதல் முறை இட்டதை மகிழ்ச்சியோடு உண்டுவிட்டு, அடுத்த முறை தட்டின்மேல் கையை வைத்து "புக்யோ", அதாவது போதும், என்று சொன்னால் யாரும் வருந்துவதில்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, ஆட்களைத் தனித்தனியே அழைத்துப் பணம் கொடுப்பதும், அதைப் படமெடுத்து முகநூலில் இடுவதும் ஆகும். 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் அதற்கு 5 ஆண்டுகள் வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. நாம் அன்போடு நீட்டும் பணத்தாளே ஆசை காட்டி மதம் மாற்றியதற்கு ஆதாரமாகக் காட்டப்படலாம். நாம் ஊர் திரும்பிவிடுவோம். விசாரணைக்குப் போய் நிற்பவர் உள்ளூர்ப் போதகர். ஆகவே முகமும் ஊர்ப் பெயரும் தெரியும் படங்களைப் பகிரவே கூடாது. உதவி செய்வதாக இருந்தால், என்ன தேவை என்று சபையாரிடமே கேட்டு, அவர்கள் காட்டும் வழியில், கணக்கில் வரும்படி செய்ய வேண்டும்.

நாங்களும் அங்கிருந்து புறப்படும் முன் சபையாரிடம் அப்படிக் கேட்டோம். எங்கள் சபையில் நோயுற்றிருப்போரின் பெயர்களைத் தரும்படி கேட்டார்கள், எழுதிக் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்து அந்தச் சபையின் போதகர் தொலைபேசியில் அழைத்து, பட்டியலில் இருந்த ஒரு சகோதரியின் அறுவைச் சிகிச்சை நலமாக முடிந்ததா என்று விசாரித்தார். விசாரித்துச் சொல்கிறேன் என்றுதான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.