தண்ணீர் முதலில் லோங்காங் வழியாகத்தான் வரும்

எங்கள் திடலுக்குக் கடல் தண்ணீர் கடல் பக்கமிருந்து வரவில்லை. வடைக்கடை அக்காவின் மேசைக்குக் கீழே இருக்கும் லோங்காங் (வடிகால்) மூடி வழியாக வந்தது. மதியம் ஒரு மணி, சுள்ளென்று வெயில், ஒரு சொட்டு மழை இல்லை. மூடியின் கம்பிகளுக்கு நடுவே நுரை தள்ளி ஏறிய தண்ணீர், அக்கா கழற்றி வைத்திருந்த செருப்பை மெதுவாகத் தூக்கிக்கொண்டு போனது. "தம்பி, எங்கயோ பைப் உடைஞ்சிருக்கு பாரு" என்றார். கம்பி இடுக்கில் விரல் நகம் அளவுக்கு ஒரு நண்டு ஏறி வந்ததைக் காட்டினேன். அதற்கு அப்புறம் அவர் பைப்பைப் பற்றிப் பேசவில்லை.

நான் 28 வருஷம் பொதுப் பூங்காக்களிலும் திடல்களிலும் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, வேலை பார்த்தவன். இப்போது மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் ஓய்வு. குடியிருப்போர் சங்கம், கோயில் நிர்வாகம், கம்பத்துக் குழு என்று எதிலாவது இருந்துகொண்டு, கடலோரத்தில் அரசாங்க நிலம் ஒன்றைப் புழங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடல் மட்டம் ஏறும்போது அந்த இடத்தை என்ன செய்வது என்று நீங்களே ஒரு திட்டம் போடலாம். பொறியாளர் பட்டம் வேண்டாம். ஒரு டின் பெயின்ட், இருபது மீட்டர் தெளிவான ரப்பர் குழாய், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு வருஷப் பொறுமை போதும்.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். "அரசாங்க நிலம்தானே" என்று சொல்லிவிட்டால் ஆகாது. தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவுப்படி பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய நிலமென்றால் கெஜட்டில் வந்திருக்கும். எந்த நோக்கத்துக்கு, எந்த அதிகாரியின் பொறுப்பில் என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். அது மாநகர் மன்றமாக இருக்கலாம், ஜே.பி.எஸ். என்னும் வடிகால் இலாகாவாக இருக்கலாம். கெஜட் ஆகாத வெறும் மாநில நிலம் என்றால் மாவட்ட நில அலுவலகம். சாதாரணப் பெரிய ஏற்றத்தில் தண்ணீர் தொடும் கோட்டுக்கும், பெரிய வற்றத்தில் இறங்கும் கோட்டுக்கும் இடைப்பட்டதற்குச் சட்டத்தில் தனிப் பெயரே உண்டு. அது மாநிலத்தைச் சேர்ந்தது. எங்கள் திடலில் புல் ஒருவர், லோங்காங் ஒருவர், கற்சுவர் இன்னொருவர். இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. ஆனால் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்புறம் தண்ணீருக்குக் கோடு போடுங்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் கடல் அதிகமாக ஏறும். மார்ச் மாதத்தை ஒட்டியும், செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரையும் வருகிற ஏற்றங்களைத் தவற விடாதீர்கள். தெலுக் பஹாங்கில் சிங்கமுகக் காளியம்மனுக்கு மாசி மகம் எடுக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தேரைக் கடலில் இறக்குகிறவன் தண்ணீரைப் பார்க்காமல் இருப்பானா? மற்றவர்களுக்குக் கடற்படையின் நீர்வரைவியல் மையம் வருஷா வருஷம் வெளியிடும் ஏற்ற வற்ற அட்டவணை இருக்கிறது. அதில் நேரத்தைப் பார்த்து, அரை மணி முன்னால் போய் நின்று, தண்ணீர் எது வரை வந்ததோ அங்கே அசையாத காங்கிரீட்டில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. அலை அடிக்கும் இடத்தில் போடாதீர்கள். லோங்காங் வாயின் உள்பக்கச் சுவர் நல்ல இடம், அங்கே தண்ணீர் தளும்பாது. மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கம் என்பதையும் நோட்டில் குறியுங்கள். ஒரே ஏற்றம், மழையோடு சேர்ந்தால் வேறு கதை. 2017 நவம்பர் 4, 5-ஆம் தேதிகளில் பினாங்கில் ஏழு பேரைப் பலிகொண்ட வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டாம். கடல் ஏறி நிற்கும்போது மழைத் தண்ணீருக்குப் போக வழி இருக்காது.

அடுத்தது மட்டம். கடலோரத்தில் கண்ணை நம்பாதீர்கள். தட்டையாகத் தெரிகிற திடலில் ஒரு முழம் ஏற்ற இறக்கம் ஒளிந்திருக்கும். கொத்தனார்கள் பிடிக்கிற தண்ணீர்க் குழாய் முறையே போதும். தெளிவான குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெரிந்த மட்டத்தில் ஒருவர் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் வேண்டிய இடத்தில் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். உள்ளே காற்றுக் குமிழ் ஒன்று மாட்டினாலும் அளவு பிசகிவிடும். குழாயைச் சுண்டிச் சுண்டிக் குமிழை வெளியே தள்ள வேண்டும். வெயிலில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நாங்கள் கொஞ்சம் ரோஸ் சிராப் கலந்தோம். நன்றாகத் தெரிந்தது. மறுநாள் குழாய் முழுக்க எறும்பு.

சரி, தெரிந்த மட்டம் எங்கே கிடைக்கும்? நில அளவை இலாகா ஊர் முழுவதும் மட்டக்கல் நட்டு வைத்திருக்கிறது. கட்டணம் கட்டினால் அதன் உயரத்தைக் கொடுப்பார்கள். அந்த உயரங்களுக்கு அடிப்படை, போர்ட் கிள்ளானில் 1984 முதல் 1993 வரை பத்து வருஷம் அளந்து எடுத்த சராசரிக் கடல் மட்டம். கல் தூரத்தில் இருந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளரை அரை நாளுக்கு அழைத்து, திடலில் ஓர் இடத்துக்கு மட்டத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். காசு செலவழிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

இங்கேதான் நான் சறுக்கினேன். அட்டவணையில் அந்த மாதப் பெரிய ஏற்றம் 2.9 மீட்டர் என்று இருந்தது. எங்கள் திடலின் கடலோர விளிம்பு 1.70 மீட்டர். கழித்துப் பார்த்தால் 1.2 மீட்டர் தண்ணீர். அதன் மேல் வருங்கால ஏற்றத்தையும் கூட்டி, ஆள் மூழ்கும் என்று சிவப்பு மையில் வரைந்து கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். கூட்டத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் இருந்தான், இளம் பொறியாளன். மரியாதையாகத்தான் கேட்டான்: "அங்கிள், அப்படின்னா போன மாசமே திடல்ல இடுப்பளவு தண்ணி நின்னிருக்கணுமே? வடைக்கடை திறந்துதான இருந்துச்சு?" அக்கா பின் வரிசையிலிருந்து, "திறந்துதான் இருந்துச்சு" என்றார்.

விஷயம் இதுதான். ஏற்ற வற்ற அட்டவணை கப்பலுக்காகப் போட்டது. கப்பல் தரை தட்டக் கூடாது என்பதால் கடல் மிகவும் வற்றிய மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ணுகிறார்கள். நில மட்டம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது. இரண்டு பூஜ்யத்துக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம். உங்கள் ஊருக்கு அது எவ்வளவு என்று கேட்டு வாங்கிக் கழித்த பிறகுதான் இரண்டையும் ஒப்பிடலாம். அல்லது அட்டவணையை நேரம் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, உயரத்துக்கு உங்கள் பெயின்ட் கோட்டையே நம்புங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். நாங்கள் குறித்ததில் உயர்ந்த கோடு 1.40 மீட்டர்.

இனி எவ்வளவு ஏறும் என்ற கேள்வி. உலகப் பருவநிலை அறிவியல் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. அதில் 2006 முதல் 2018 வரை வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர். 2100-க்குள், புகையை மிகவும் குறைத்தால் 28 முதல் 55 சென்டிமீட்டர், குறைக்காமலே விட்டால் 63 முதல் 101 வரை. நம் நாட்டுக் கரைகளுக்கென்று நாஹ்ரிம் ஆய்வுக் கழகம் தனியாகக் கணித்திருக்கிறது, ஜே.பி.எஸ்.-இடம் கேளுங்கள். மண் கொட்டி நிரப்பிய இடமாக இருந்தால் இன்னொரு தொல்லை: கடல் ஏறுவது ஒரு பக்கம், நிலம் தானாகவே அமுங்குவது மறுபக்கம்.

நாங்கள் 30, 70 சென்டிமீட்டர் என்று இரண்டே எண்களை எடுத்தோம். 1.40-உடன் 30 சேர்த்தால் 1.70. திடலின் விளிம்பை அது அப்படியே தொடுகிறது. 70 சேர்த்தால் 2.10. எங்கள் திடல் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவு. ஆக விளிம்பைத் தாண்டிய ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் தண்ணீர் 10 மீட்டர் உள்ளே வரும். 2.10 என்றால் 40 மீட்டர். அலையை இன்னும் சேர்க்கவில்லை. சுண்ணாம்புத் தூளால் அந்த இரண்டு கோட்டையும் புல்லின் மேல் போட்டுக் காட்டினோம். வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டியவர்கள், கோட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டாவது கோடு விளையாட்டு மைதானத்தின் சறுக்கு மரத்துக்கு அந்தப் பக்கம் போனது. லோங்காங் மூடியோ 1.35-இல் இருக்கிறது. அது இப்போதே 1.40 பெயின்ட் கோட்டுக்குக் கீழே.

ஆகவே முதல் வேலை சுவர் இல்லை. லோங்காங் கடலில் சேரும் வாயில் ஒரு தட்டுக் கதவு தொங்குகிறதா பாருங்கள். உள்ளிருந்து தள்ளினால் திறந்து, கடல் தள்ளினால் மூடிக்கொள்கிற கதவு. எங்களுடையதில் ஒரு மினரல் தண்ணீர் போத்தல் மாட்டி, கதவு நான்கு விரல் அளவு திறந்தபடியே நின்றது. அக்காவின் செருப்பு போனது அதனால்தான். போத்தலை எடுத்ததும் அடுத்த ஏற்றத்துக்குத் தண்ணீர் மேலே வரவில்லை. ஆனால் கடல் உயர உயர அந்தக் கதவு மூடியே நிற்கும் நேரம் கூடும். மழைத் தண்ணீர் உள்ளே தேங்கும். அதற்குத் திடலிலேயே ஒரு பள்ளமான பகுதியை ஒதுக்கி வைக்க வேண்டும். எங்களுக்கு அது பழைய செபாக் தக்ரோ திடலுக்குப் பின்னால் கிடைத்தது.

பிறகு திடலில் உள்ள பொருள்களை நடந்து போய் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நனைந்தால் பரவாயில்லை என்பது புல், கார் நிறுத்துமிடம், பந்துத் திடல். தூக்கி நகர்த்தலாம் என்பது பெஞ்சு, கடை, குப்பைத் தொட்டி. நனையவே கூடாது என்பது மின்பெட்டி, கழிப்பறையின் மலத்தொட்டி, சாமி மேடை. இந்தக் கடைசிப் பட்டியல் இரண்டாவது கோட்டுக்கு மேலே போக வேண்டும். இனிமேல் கட்டுவது எதுவும் கோட்டுக்குக் கீழே நிரந்தரமாக வரக் கூடாது. பொது நிலத்தில் நமக்குள்ள பெரிய வசதி இது: பின்வாங்கலாம். வீட்டுக்காரனால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, திடல் போகும்.

சுவர் வேண்டும் என்று யாராவது எழுந்து நிற்பார்கள். கட்டாயம் நிற்பார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு கரையில் புகார் தாங்காமல் நூறு மீட்டருக்குக் கல் அடுக்கினார்கள். கல்லுக்குப் பின்னால் பத்திரம். கல் முடிகிற இடத்தில் அலை திரும்பி அடித்து, அடுத்த பருவத்துக்குள் நாலு சவுக்கு மரம் வேரோடு சாய்ந்தது. சவுக்கின் வேர் மேலாக ஓடுவது. அடி மண் போனால் நிற்காது. மணல் கரையில் அடப்பங்கொடியைப் படரவிடுங்கள், மிதிக்காமல் கயிறு கட்டுங்கள். பாக்காவ் என்னும் அலையாத்தி மரம் நடுவது சேற்றுக் கரைக்கு. சுங்கை ஆச்சே பக்கத்தில் பிஃப்வா மீனவர் சங்கம் 1997 முதல் நட்டு வருகிறது. போய்க் கேட்டால் எந்தச் சேற்றில் எது பிழைக்கும் என்று காட்டித் தருவார்கள். படம் எடுப்பதற்காக மணலில் பாக்காவ் குச்சி நடாதீர்கள், பாவம்.

திட்டத்தில் வருஷம் எழுதாதீர்கள். "2040-இல் கடையை நகர்த்துவோம்" என்று எழுதினால் 2039 வரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கடலும் நம் காலண்டரைப் பார்ப்பதில்லை. அளவை எழுதுங்கள். எங்கள் தாளில் இப்படி இருக்கிறது: கதவு சரியாக இருந்தும் ஒரு வருஷத்தில் ஐந்து நாள் மூடி வழியே தண்ணீர் வந்தால், மழைநீர்ப் பள்ளத்தை வெட்ட வேண்டும். பன்னிரண்டு நாள் வந்தால் கடை சாலை ஓரத்துக்குப் போகும். கோடு 1.55-ஐத் தொட்டால் மின்பெட்டியைத் தூக்க வேண்டும். விளிம்பைத் தண்ணீர் ஒரு தடவை தாண்டினால் நடைபாதையை முதல் கோட்டுக்குப் பின்னால் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த அலுவலகம், சங்கத்தில் யார் பொறுப்பு. அக்கா பன்னிரண்டு நாளுக்கு ஒத்துக்கொள்ள இரண்டு கூட்டம் ஆனது. எட்டு என்று நாங்கள் சொன்னோம், இருபது என்று அவர் ஆரம்பித்தார்.

தாளை மலாயில், ஒரே பக்கத்தில், படத்தோடு கொடுங்கள். மாநகர் மன்றம், நில அலுவலகம், ஜே.பி.எஸ். மூன்றுக்கும் ஒரே நாளில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஜே.பி.எஸ்.-இன் 1997 வழிகாட்டியில் மணல் கரைக்கு 60 மீட்டர், பாக்காவ் கரைக்கு 400 மீட்டர் தள்ளித்தான் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. புதுக் கட்டடம் எதையாவது திடலில் கொண்டுவந்தால் அதை எடுத்துக் காட்டுங்கள். உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுப் பார்வைக்கு வைக்கும்போது ஆட்சேபம் எழுதிக் கொடுக்க அவகாசம் உண்டு. அந்தச் சமயத்தில் ஒரு வருஷ பெயின்ட் கோடுகளின் படம் கையில் இருந்தால் உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். கோடுகளுக்குப் பக்கத்தில் "அழிக்க வேண்டாம்" என்று மலாயிலும் எழுதி வையுங்கள். போன மாதம் சுவருக்கு வெள்ளை அடிக்க வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் எங்கள் ஏழு கோட்டையும் அழகாக மூடிவிட்டார்கள். நோட்டில் அளவு இருந்ததால் தப்பித்தோம். பௌர்ணமிக்கு மறுநாள் குழாயோடு போய் மறுபடியும் போட வேண்டும். இந்தத் தடவை சிராப் இல்லை, நீல மை.